வாலிகண்டபுரத்து மூச்சு வைத்தியர்

கல்யாணமான வருஷமே எனக்குச் சோறும் தூக்கமும் போயின. பேய் என்றார்கள். வெள்ளைக்காரன் காலம் அது. அண்ணன் வண்டி கட்டி வாலிகண்டபுரத்து மூச்சு வைத்தியரிடம் கூட்டிப்போனார்.

வைத்தியருக்கு வற்றிய உடம்பு, இமைக்காத கண். யாரையும் கண்மூடி உட்காரவைத்து, மூக்கடியில் பஞ்சு பிடித்தபடிதான் பேச்சுக் கொடுப்பார். எங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி ஒவ்வொருவராய் என்னிடம் விசாரித்தார். புருஷனைப் பற்றிக் கேட்டதும் என் மூச்சு நின்றது, பஞ்சு அசையவில்லை.

“பேயில்லைங்க, பயம். அந்த வூட்டுக்கு அனுப்பாதீங்க” என்றார் அண்ணனிடம்.

“மாப்ளையா? தங்கமான ஆளுங்க” என்று அண்ணன் சிரித்தார்.

வண்டி புருஷன் ஊருக்கே திரும்பியது. வைத்தியர் ஏரிக்கரை வரை வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். பாடைக்குப் பின்னால்தான் அப்படி நடப்பார்கள்.

நான் சாகவில்லை. ஆனால் அந்த வீட்டில் வாழ்ந்த பிறகு, வைத்தியர் தப்பாகச் சொன்னார் என்று யாரிடமும் சொல்ல இதுவரை எனக்கு வாய் வந்ததில்லை.