செல்லாயி பிய்த்த சுவரொட்டிகள்

ரப்பர் தோட்டத்துக் கங்காணி வேண்டாம் என்று தடுத்த ஆங்கிலப் பள்ளி, பெண்பிள்ளைக்கு எதற்கு என்று ஊரே கேட்ட பொறியியல், இங்கிலாந்தில் பேராசிரியர் பதவி: இத்தனையும் வென்ற செல்லாயி, மலேசியாவின் காம்பார் சாலையோரச் சுவரில் தன் படம் போட்ட சுவரொட்டியின் ஓரத்தில் மீன்காரரிடம் வாங்கிய தொங்கு தராசின் கொக்கியை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தாள்.

ரத்தத்தில் மிதக்கும் செல், ரத்தக் குழாயின் சுவரில் எப்படி ஒட்டுகிறது, எவ்வளவு இழுத்தால் விடுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அண்ணன் சன்னாசிக்கு அது மனப்பாடம். தாம் வேலை செய்யும் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் விளக்குவார். விடுமுறைக்கு வந்தாலும் அவள் கை சும்மா இருக்காது. மத்தி மீன் டின்னில் ஒட்டிய காகிதம், அண்ணியின் நெற்றிப் பொட்டு, எதையும் விடமாட்டாள். ஒருமுறை அண்ணனின் முழங்கால் பிளாஸ்திரியில் கொக்கி ஏறியது.

"மெதுவா இழுத்தா ஒரு பலம், வெடுக்குனு இழுத்தா வேற பலம் அண்ணே. செல்லும் அப்படித்தான்லா."

சன்னாசி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

1984இல் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் தங்கைக்குப் பாராட்டு விழா எடுக்க அவர் ஆசைப்பட்டார். மண்டபம் நிறைந்தால்தான் பொன்னாடை என்று கோயில் செயலாளர் உடையப்பன் கறாராகச் சொல்லிவிட்டார். சன்னாசி மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, சுவரொட்டிகளைத் தாமே ஒட்டினார்.

ஒன்றே ஒன்றை இழுத்துப் பார்ப்பதாகத்தான் செல்லாயி கிளம்பினாள். வெயில் பக்கம் ஒட்டியதை இழுத்தால், ஒப்பிட நிழல் பக்கம் வேண்டியிருந்தது. காய்ந்ததைப் பிய்த்தால், நனைந்ததும் வேண்டியிருந்தது. விழா நாளில் ஊரில் ஒரு சுவரொட்டியும் மிஞ்சவில்லை. மண்டபத்தில் வெறும் நாற்காலிகள். ஒன்றின் கீழே நாய் ஒன்று படுத்திருந்தது.

உடையப்பன் பொன்னாடையை மடித்தார். "யாருக்குச் சன்னாசி போத்துறது? நாய்க்கா?"

"அண்ணே, நிழல்ல ஒட்டுனதுதான் பலம்," என்றாள் செல்லாயி, மலர்ந்த முகத்தோடு.

சன்னாசி மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போய் ஒரு பழைய ரப்பர் ஷீட்டோடு திரும்பினார். சிறுமியாக இருந்தபோது, ஈரம் காயாத அந்த ஷீட்டில்தான் அவள் ஆணியால் தன் பெயரைக் கீறினாள். கெட்டுப்போன சரக்கென்று தோட்டத்துக் கணக்கரான கிராணி வீசியெறிந்ததை எடுத்துவந்து, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு உலர்த்திப் பத்திரப்படுத்தியிருந்தார்.

அதை இரு கைகளாலும் விரித்துத் தங்கையின் தோளில் போர்த்தினார். வெக்கையில் இளகியிருந்த ரப்பர் பட்டுப் புடவையில் ஒட்டிக்கொண்டது.

செல்லாயியின் கை தராசுக்குப் போனது. பிறகு அதை நாற்காலியில் வைத்துவிட்டு, ஷீட்டின் ஓரத்தைத் தோளோடு அழுத்திக்கொண்டாள். கோணல் எழுத்தில் அவள் பெயர். அதன் கீழே, அன்று அவளே கீறிய தேதி: 9.8.1957.