பன்னிரண்டாம் கட்டிலுக்கு மேலே

மரியகுழந்தை தளம் அடிக்கிறவள். மேல்தளத்தில் உத்தரம் போட்டுச் செங்கல் பாவி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டியதும், முப்பது பெண்கள் வரிசையாகக் குந்தி மரக் கொட்டாப்புளியால் மூன்று நாள் அதை அடிப்பார்கள். அடி வாங்கி வாங்கி அது கல்லாகும். அந்த முப்பது பேருக்கும் தலைவி அவள். ஆரணிப் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்த பத்து வருஷத்தில் அவள் அடித்த தளங்களில் ஒன்றே ஒன்றுதான் ஒழுகியது. அதைப் பற்றித்தான் இங்கே பேச்சு. ஒழுகாத தளத்தைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்?

தலைவி என்றால் மேஸ்திரி மாதிரி நின்று அதட்டுகிறவள் இல்லை. பாடுகிறவள். நாலு அடி பாட்டு, பாட்டுக்கு ஏற்றபடி முப்பது கொட்டாப்புளியும் ஒன்றாய் விழும். நாலாவது அடி முடிந்ததும் "தெளியடி, தெளி" என்று ராகம் இழுப்பாள். அப்போது கைகள் நிற்கும். இரண்டு பெண்கள் வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வருவார்கள். பிறகு மறுபடி அடி. எத்தனை அடிக்கு எவ்வளவு தண்ணீர் என்கிற கணக்கெல்லாம் பாட்டுக்குள்ளேயே இருந்தது. குரலும் அப்படி. பாலகாட் சுரங்கப் பக்கம் அவள் பாடினால் தள்ளியிருக்கிற ஸ்கெலட்டன் குடியிருப்பில் தூங்குகிற பிள்ளை எழுந்து அழும் என்பார்கள்.

அவள் புருஷன் சகாயம் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவர். ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தை பேசுவார், அதிலும் இரண்டு "உம்". கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டில் பேச்சு முழுவதும் அவள் பொறுப்பு.

பட்டாள ஆஸ்பத்திரி கட்டியது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழில். சுரங்கத்துத் துரைமார்கள் தங்களுக்குள் ஒரு தொண்டர் பட்டாளம் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்று சுற்றுவார்கள். அப்புறம் கிளப்புக்குப் போவார்கள். சுற்றுவட்டாரத்தில் சண்டை எதுவும் இல்லை, வருகிற மாதிரியும் தெரியவில்லை. ஆனாலும் பட்டாளம் என்றால் ஆஸ்பத்திரி வேண்டுமே. பெங்களூர் கன்டோன்மென்ட்டிலிருந்து பிளான் வந்தது. அது வடக்கே எங்கேயோ பனி பெய்கிற ஊருக்குப் போட்ட பிளான். ஆகவே வார்டில் கணப்பு அடுப்பு ஒன்று கட்டினார்கள். அதில் ஒரு கோழி முட்டை வைத்தது. பன்னிரண்டு கட்டில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் துப்பாக்கி சாத்த ஒரு மரச்சட்டம். இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது வரிசை கோணக்கூடாது என்று கட்டில்களைத் தரையோடு சேர்த்துத் திருகி முடுக்கியிருந்தார்கள். இரண்டடிச் சுவர், நாலு பக்கமும் வளைவு வைத்த வராந்தா. இந்த ஊருக்குப் பொருந்திய சங்கதி அதில் ஒன்றே ஒன்று: தளத்தின் நடுவே பெட்டி மாதிரி எழும்பி நின்ற காற்றுவழி. அதன் பக்கவாட்டுப் பலகைகள் வழியாக வார்டின் சூடு மேலே போகும். மேலே பெண்கள் பேசுகிற ஊர்வம்பு கீழே இறங்கும்.

கட்டட வேலைக்குப் பொறுப்பு சார்ஜெண்ட் ஆர்தர் துரை, பட்டாளத்தில் பென்ஷன் வாங்கியவர். தமிழைத் தன் சமையல்காரனிடம் கற்றார். அதனால் பாதிரியார் உட்பட எல்லோரையும் "நீ" என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. தளத்தை மூன்று நாள் அடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தண்ணீரைப் பற்றியும் எழுதியிருந்தது. பாட்டைப் பற்றி எழுதவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வடக்குக் கோடியை அடித்துக்கொண்டிருந்தார்கள். திறப்பு விழாவுக்காகக் கீழே முற்றத்தில் பட்டாளத்து பாண்டு ஒத்திகைக்கு வந்து நின்றது. பெரிய டிரம் ஒன்று, ஊதுகிறவர்கள் பத்துப் பேர். மரியகுழந்தை கொஞ்ச நேரம் அதையும் மீறிப் பாடிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். காது கேட்காததால் என்று பிற்பாடு மற்றவர்களிடம் சொன்னாள். நிஜத்தில் பாண்டு நன்றாக இருந்தது, கேட்க ஆசையாக இருந்தது. முப்பது கொட்டாப்புளியும் தானாகவே டிரம்முக்கு விழ ஆரம்பித்தன. யாருக்கும் அலுப்பே தெரியவில்லை.

"இன்னாடி, தண்ணியே தெளிக்கல?" என்று பக்கத்திலிருந்த பார்வதம்மா ஒரு தடவை கேட்டாள்.

"இந்தப் பாட்டு முடியட்டும்."

பாண்டுப் பாட்டில் தண்ணீர் தெளிக்க இடமே கிடையாது. அது முடியவும் இல்லை. பொழுது சாய்கிறவரை வடக்குக் கோடி காய்ந்த சுண்ணாம்பாகவே அடி வாங்கியது.

முதல் மழையிலேயே பன்னிரண்டாம் கட்டிலுக்கு மேலே ஒழுகியது. ஆர்தர் துரை புத்தகத்தைப் பார்த்தார். புத்தகப்படி கட்டிய தளம் ஒழுகாது; ஆகவே இது ஒழுகவில்லை என்றார். மேலே கூடாரத் துணி விரித்துப் பார்த்தார்கள். அது தொட்டி மாதிரி நிரம்பி, எடுக்கப் போன, காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் சாம்ராஜ் தலையில் மொத்தமாகக் கொட்டியது. அப்புறம் அந்தக் கட்டிலில் ஒரு வாளியை வைத்தார்கள். இரண்டு வருஷம் அது அங்கேயே இருந்தது. மட்டக்குதிரையிலிருந்து விழுந்தவர், தேனீ கொட்டியவர் என்று வந்து போன வீரர்களில் அதிக நாள் தங்கியது அந்த வாளிதான்.

தொண்ணூற்றொன்பது ஐப்பசியில் சுரங்கத்தின் ஏழாவது லெவலில் பாறை வெடித்துச் சரிந்தது. கூலிக்காரர்கள் ஆஸ்பத்திரியில் இடம் போதாமல், பன்னிரண்டு பேரைப் பட்டாள ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். கடைசியாக வந்தவர் சகாயம். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. வாளியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அவரைப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் மணல் மூட்டை அடைத்தார்கள். ஒரு மாசத்துக்கு அசையக் கூடாது, அசைத்தால் பிழைக்க மாட்டார் என்றார் டாக்டர். துப்பாக்கிச் சட்டத்தில் அவர் தலைப்பாகையை மாட்டினார்கள்.

பெண்கள் வார்டுக்குள் போகக் கூடாது என்பது பட்டாளச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வராந்தாவில் நின்று பார்க்கலாம். மரியகுழந்தை வாசல் கேட் பக்கத்தில் நின்றாள். ஐந்தாம் நாள் ஒரு சின்னத் தூறல். மறுநாள் காலையில் சாம்ராஜ் வெளியே வந்து சொன்னான்:

"அக்கா, மாமா நெஞ்சு மேலயே சொட்டிச்சு. ராவெல்லாம் துடைச்சினே இருந்தேன். காய்ச்சல் கீது. பெரிய மழை வந்துச்சின்னா தாங்காது."

அந்தத் தண்ணீரை அவர் மேல் ஊற்றியது தன் கைதான் என்று அவளுக்குத் தெரியும். கூட அடித்த பெண்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அன்றே ஆர்தர் துரையிடம் போனாள்.

"தளத்தைக் கொத்திட்டுப் புதுசா அடிக்கணும் தொரை."

"தளம் புத்தகப்படி இருக்கு. காரணம் இல்லாம ரிப்பேர் கிடையாது. நீ காரணம் சொல்லு."

அவள் முப்பது பெண்களையும் கூட்டி வந்திருந்தாள். அவர்கள் முன்னாலேயே சொன்னாள்: "காரணம் நான்தான். பாண்டு கேட்டுக்கினே பாட்டை வுட்டுட்டேன். தண்ணி தெளிக்கல. பார்வதம்மா கேட்டா, நான்தான் இருக்கட்டும்னேன்."

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். துரைக்கு இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக முகம் தெளிந்தது. தப்பு புத்தகத்தில் இல்லை. ரிப்பேர்த் தாளில் காரணம் என்ற இடத்தில் அவள் பெயரை அழகாக எழுதினார்.

"நாளைக்கு ஆரம்பி. அப்புறம் நீ தலைவி இல்லே. இதான் உன் கடைசித் தளம்."

"சரிங்க தொரை," என்றாள்.

ஆஸ்பத்திரியில் சத்தம் கூடாது என்று சுவரில் பலகை தொங்கியது. டாக்டர் நோயாளிகளைக் கேட்டார்: தலைக்கு மேல் மூன்று நாள் இடியா, மழைக்காலம் முழுக்கத் தண்ணீரா? இடியே இருக்கட்டும் என்றார்கள். சுரங்கத்துக்காரர்களுக்கு அது ஒன்றும் புதுசில்லை. தூசி படாமல் முகத்தில் ஈரத்துணி போட்டுக்கொண்டு படுத்தார்கள்.

வடக்குக் கோடியைக் கொத்தி எடுத்து, புதுக் கலவை கொட்டி, மரியகுழந்தை பாட்டை எடுத்தாள். ஆறு நாளாக அவரோடு பேசாதவள், அத்தனையையும் தொண்டையில் ஏற்றினாள். பாட்டில் ஆர்தர் துரையின் மீசை வந்தது, கணப்பு அடுப்புக் கோழி வந்தது. காற்றுவழியாகக் கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

முதல் நாள் சாயங்காலம் சாம்ராஜ் ஏணியில் ஏறி வந்தான். "மாமா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. சுவரோரமா அடி லேசா வுழுதாம்."

அவள் போய்ப் பார்த்தாள். சுவரோரம் இருந்த இரண்டு பேர் கையை ஓங்காமல் ஒப்புக்குத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பதினாலு வருஷம் வாயைத் திறக்காத மனுஷன், அசையக்கூட முடியாமல் படுத்துக்கொண்டு குற்றம் கண்டுபிடிக்கிறார்! அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் நாளும் இரண்டு குற்றம் வந்தது. இரண்டும் சரிதான்.

மூன்றாம் நாள் எதுவும் வரவில்லை. மத்தியானம் தாண்டியதும் சாம்ராஜ் ஏறி வந்தான். ஏணி முனையிலேயே நின்றான்.

"அக்கா, டாக்டர் உன்னை உள்ளே வரச் சொன்னாரு."

பெண்களை உள்ளே விடாத வார்டு. ஏன் விடுகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. கலவை இறுகுகிற நேரம். இன்னும் ஒரு மணி நேரம் அடித்தால்தான் கொட்டாப்புளி எகிறும், கல்லாகிவிட்டது என்று தெரியும். இப்போது நிறுத்தினால் மறுபடி ஒழுகும். கீழே இன்னும் பதினோரு பேர் படுத்திருந்தார்கள். இவள் இல்லாமல் பாட்டு நின்றால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்தாகிவிட்டது.

"பார்வதம்மா, யாரும் கையை வுட்றாதீங்க. நான் கீயேருந்து பாடறேன். காதை அந்தப் பொட்டிகிட்ட வெச்சிக்கோ."

பாடிக்கொண்டே ஏணியில் இறங்கினாள். பாடிக்கொண்டே வராந்தாவைத் தாண்டி, சத்தம் கூடாது என்ற பலகையைத் தாண்டி உள்ளே போனாள். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, தளத்தைப் பார்த்துவிட்டு விலகி நின்றார். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து சகாயத்தின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். நாலு அடி முடிந்தது. "தெளியடி, தெளி" என்று தலையை நிமிர்த்தி, காற்றுவழி வரைக்கும் போகிற மாதிரி இழுத்தாள். மேலே கைகள் நின்றன. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மறுபடி அடி விழுந்தது.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மேலே கொட்டாப்புளிகள் கணீர் கணீரென்று எகிற ஆரம்பித்தன. தளம் ஆகிவிட்டது. அப்போதுதான் மரியகுழந்தை நிறுத்தினாள்.

பார்வதம்மாவும் மற்றவர்களும் இறங்கி, கையெல்லாம் சுண்ணாம்போடு வராந்தாவில் வந்து நின்றார்கள். தண்ணீர் தெளிப்பில் ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று அவளிடம் சொல்லத்தான் வந்தார்கள். கட்டிலில் சகாயத்தின் முகத்தையும் சேர்த்துத் துணி மூடியிருந்தது.

"எப்பப்பா?" என்று பார்வதம்மா சாம்ராஜைக் கேட்டாள்.

"அக்கா வந்து ஒக்காந்து ரெண்டு பாட்டுகூட ஆவல," என்றான் அவன். "அதுக்கப்புறம் நீங்க கேட்டதெல்லாம் அவரு போனப்புறம் பாடினது."