கண்ணுக்குள் தெரிந்த பீரோ

குணசேகரன் அண்ணன் இறந்த செய்தி எனக்கு அவருடைய மகளின் முகத்தோடு வந்தது. காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர் எண்ணுக்குத் தேன்மொழியின் படத்தைத்தான் வைத்திருந்தேன்; அவர் கம்ப்யூட்டரில் செய்து அனுப்பிய படம். பத்தொன்பது வயதுப் பெண், தாவணியில், லேசாகச் சிரிக்கிறாள். "சொல்லுங்கண்ணா, இன்னா காலங்காத்தால" என்றேன். அந்தப் பக்கம் பெண் குரல். "அவுரு போயிட்டாரு." நாலு வயதில் மூளைக்காய்ச்சலில் செத்துப்போன பெண்தான் பேசுகிறாள் என்று ஒரு விநாடி நம்பிவிட்டேன். "ராஜி, கேக்குதா?" என்று மறுபடி கேட்டபோதுதான் அது செல்வி அண்ணி, அவர் மனைவி என்று புரிந்தது.

ஐஸ் கம்பெனி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சாய்ந்திருக்கிறார். அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் மனித உருவம் செய்கிற நம் வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்கக் கும்பிடு போடும் கைப் படங்களாக வந்து விழுந்தன. எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு மஞ்சள் கையை அனுப்பி முடித்துக்கொள்ளக்கூடிய ஆளா அவர்? உங்களில் பாதிப் பேர் உருவத்துக்குத் தோல் போடக் கற்றுக்கொண்டதே அவர் அனுப்பிய படங்களைப் பார்த்துத்தானே? அதனால்தான் எழுதுகிறேன். வில்லியனூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை நடத்துகிறவள் நான். வாய் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே, கடலோரக் குப்பத்துக்காரர். முதல்முறை கடைக்கு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. "எட்டு வயசு பொண்ணுக்குப் பாவாட சட்ட வேணும்" என்றார். உயரமா, குட்டையா என்று கேட்டேன். கையை இடுப்பளவில் வைத்தார், கொஞ்சம் ஏற்றினார், மறுபடி இறக்கினார். ஒல்லியா, பூசினாற்போலவா என்றேன். அதற்கு அலமாரியைப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு வேறு ஏதோ எரிச்சல். "பெத்த அப்பனுக்கு அளவு தெரியலன்னா எனக்கு இன்னா தெரியும்? பொண்ணக் கூட்டிக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கூட்டிக்கினு வர முடியாதும்மா. பூவாடைக்காரிக்கு வெக்கறதுக்கு" என்றார்.

நம் பக்கத்தில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் தவறிப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுச் சாமியாக வைத்து, ஆண்டுக்கொருமுறை புதுத்துணி படைப்பார்கள். பெரும்பாலும் ஏதோ ஓர் அளவில் ஒரு துணி, அவ்வளவுதான். செல்வி அண்ணி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தை அங்கேயும் வளர்கிறது என்பது அவர் கட்சி. "பத்தாத துணிய வெச்சா புள்ள தொட்டுப் பாத்துட்டு வுட்டுட்டுப் போயிடும்" என்பார். பாவம், அந்த மனிதர் ஆண்டுதோறும் கடை கடையாக ஏறி, இல்லாத பெண்ணுக்கு அளவு சொல்லித் திணறியிருக்கிறார்.

அந்த அளவுக்காகத்தான் கம்ப்யூட்டரில் உருவம் செய்யக் கற்றுக்கொண்டார். நாமெல்லாம் பொழுதுபோக்குக்காக வந்தவர்கள். நானும் பாவாடை மடிப்பு எப்படி விழுகிறது என்று பார்க்கிற ஆசையில் அவர் பின்னாலேயே வந்தவள்தான். அவர் வந்தது பிள்ளையை வளர்க்க. மென்பொருளோடு இலவசமாக வரும் சிறுமி உருவத்தை எடுத்துக்கொண்டு, தன் முகத்தையும் அண்ணியின் கல்யாணப் போட்டோவையும் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கோடாக இழுத்தார். மூக்கு அண்ணியுடையது, நெற்றி இவருடையது, காது மட்டும் அவர் அம்மாவுடையதாம். ஆண்டுக்கொருமுறை, உருவத்தின் வயதைக் கூட்டுகிற வயதுக் கோட்டை ஒரு துளி நகர்த்துவார். அப்புறம் உயரம், தோள், இடுப்பு எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வில்லியனூர் பஸ் ஏறுவார். "கடக்காரம்மா, இந்த வருசம் நல்லா வளந்துட்டா" என்றபடியேதான் படி ஏறுவார்.

தோல் விஷயத்தில் அவர் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு உருவத்தின் நிறத்தைக் கூட்டிவிட்டு நம்ம ஊர்ப் பெண் என்று யாராவது படம் போட்டால் போதும். "கறுப்பு மை பூசிக்கினு வெள்ளக்காரி நிக்கிறா" என்று எழுதிவிடுவார். முட்டி கொஞ்சம் கறுத்திருக்க வேண்டும், கழுத்து மடிப்பு கறுத்திருக்க வேண்டும், செருப்பு வார் மறைக்கிற இடம் வெளுத்திருக்க வேண்டும். என் கடையில் துணி கிழிக்கும்போது என் முழங்கையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர் அவர். "இன்னாத்துக்குண்ணா?" என்றால், "தேனுவுக்கு முழங்க வேணுமே" என்பார், ஏதோ கைமாற்றாக அரைப்படி அரிசி கேட்பதுபோல. இன்றைக்கும் அந்தப் படங்களில் இருப்பது என் முழங்கைதான். பார்த்தால் எனக்கே திக்கென்று இருக்கும்.

ஒரு வழக்கம் வைத்திருந்தார். உருவத்தைப் புதிதாக ஏற்றினால் அது இரண்டு கையையும் விரித்துக்கொண்டுதான் வந்து நிற்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எல்லா உருவமும் அப்படித்தான். அவர் மட்டும் அந்த நேரத்தில் அறைக்கதவைச் சாத்திவிடுவார். கையை இறக்கி, துணி போட்டு, தலை பின்னிய பிறகுதான் "செல்வி, வா" என்று கூப்பிடுவார். ஒருமுறை நான் உள்ளே இருந்தபோது ஏன் என்று கேட்டேன். திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "என்னத் தூக்கு, தூக்குன்னு நிக்கற மாரி இருக்குதும்மா. எனக்கே தாங்கல. பெத்தவ எப்படிப் பாப்பா?"

இன்னொரு நாள் நடந்தது இது. மென்பொருள் தானாகவே புதுப்பித்துக்கொண்டு ஏதோ ஒரு கோப்பைத் தொலைத்துவிட்டது. போனில் அவர் குரலே மாறியிருந்தது. "கடக்காரம்மா, யாரோ ஒருத்தி எம்பொண்ணு துணிய மாட்டிக்கினு நிக்கறா." போய்ப் பார்த்தேன். நான் கம்ப்யூட்டரில் தைத்துக் கொடுத்த பாவாடை, தேனுவின் ரெட்டைச் சடை, தேனுவின் ஒற்றைக்கல் தோடு, எல்லாம் இருந்தது. முகம் மட்டும் யாருடையதோ. ஊரெல்லாம் இலவசமாகக் கிடைக்கிற அந்த முகம், எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. தொலைந்த கோப்பைத் தேடிப் பிடித்து ஏற்றியபோது அந்த மூக்கு கரைந்து, தேனுவின் மூக்கு மேலே வந்தது. "வந்துட்டியாடி" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நானும் மாட்டிக்கொண்டேன். போன ஆண்டு பாகூர் போகிற பஸ்ஸில் கிருமாம்பாக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் ஏறினாள். அதே நெற்றி, அதே காது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றாள். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. பைத்தியக்காரி மாதிரி அவருக்குப் போன் போட்டேன். "தேனுவப் பாத்தன்னு சொன்னா நம்புவீங்களாண்ணா?" என்றேன். சிரிப்பார், திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது: "உக்கார எடம் கெடச்சிதா அதுக்கு?"

கடைசியாக அந்த பீரோ விவகாரம். உருவத்துக்கு வெளிச்சம் கொடுக்க, நாமெல்லாம் யாரோ எடுத்த கடற்கரை, பூங்கா என்று சுற்றுப்புறப் படத்தை இறக்கிப் போட்டுக்கொள்கிறோம். அவர் தன் வீட்டு நடு அறையிலேயே நின்று, போனைப் பிடித்துச் சுற்றி எடுத்த படத்தைப் போட்டார். "அவ வூட்டு வெளிச்சத்துலதான் அவ நிக்கணும்." விளைவு, அந்த அறை கண்ணில் பிரதிபலித்து, தேனுவின் கருவிழியில் ஜன்னலோடு ஓர் இரும்பு பீரோவும் தெரிந்தது. குழுவில் எத்தனை கிண்டல்! "அண்ணா, பொண்ணு கண்ணுக்குள்ள பீரோ நிக்குது, அத எடுத்துட்டு வேற வெளிச்சம் போடுங்க" என்று நானே பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். அவர் அசையவில்லை. "இருந்துட்டுப் போவுது. வூட்ல பீரோ இருந்தா கண்ணுல தெரியாதா?"

கருமாதி முடிந்த மறுவாரம் செல்வி அண்ணி கடைக்கு வந்தார். வெள்ளிக்கிழமை தேனுவுக்குப் படையல். வழக்கமாகத் தாளோடு வருகிற அண்ணன் இல்லை. அண்ணி வெறுங்கையோடு வந்திருந்தார். உட்காரக்கூட இல்லை. "ராஜி, நீ வந்து அந்தக் கம்ப்யூட்டரத் தொற. இந்த வருசத்துக்கு அவள வளத்துக் குடு" என்றார். அண்ணன் எந்தக் கோட்டை எவ்வளவு இழுப்பார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு முடியளவு தவறினால் வேறு யாரோ வந்து நிற்பாள். அதை நான் ஒருமுறை கண்ணால் பார்த்தவள். மழுப்பிப் பார்த்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவுரு போனாரு, சரி. அவுரு கூட அவளும் நின்னுட்டாள்னா எனக்கு ரெண்டாந்தபா சாவு ராஜி. ஒரு தபா பொதச்சது போதும்."

போனேன். மத்தியானம். நடு அறையில் அதே ஜன்னல், அதே பீரோ, நாற்காலியின் முதுகில் அவர் துண்டு. கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு எழுந்தது. அண்ணி என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். வெளியே போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உருவத்தை ஏற்றினேன். போன ஆண்டுத் துணியோடு சேர்த்துத்தான் வைத்திருந்தார். தேன்மொழி வந்து நின்றாள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

அண்ணி அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. நான் பதறிப்போய்க் கையை இறக்கப் போனேன். "இரு இரு" என்றார். "மொகத்தக் கிட்ட காட்டு."

முகத்தைப் பெரிதாக்கி, கம்ப்யூட்டரை முழுப் படம் தீட்ட விட்டேன். முதலில் புள்ளி புள்ளியாக மணல் கொட்டினாற்போல் வந்தது. மெல்ல மெல்லத் தெளிந்தது. நெற்றி, புருவம், கண். அண்ணி குனிந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"கண்ணுல இன்னாது அது?"

"பீரோதான் அண்ணி. இந்த பீரோ."

"பீரோ தெரியுது. கண்ணாடியில யாரு?"

இத்தனை ஆண்டுகள் கிண்டல் செய்தோமே, நம்மில் ஒருவராவது அந்த பீரோவில் ஆளுயரக் கண்ணாடி இருப்பதை நினைத்தோமா? சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தவர் அந்தக் கண்ணாடியில் விழாமல் எங்கே போவார்? கண்ணை மட்டும் திரை முழுக்க இழுத்தேன். பெருவிரல் நக அளவுக்கு ஓர் ஆள். முகத்தைப் போன் மறைத்திருந்தது. கட்டம் போட்ட சட்டை. இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி.

"அவுருதான்" என்றார் அண்ணி. "அது நான் வாங்கிக் குடுத்த சட்ட."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதேன். அண்ணி அழவில்லை. அந்தக் கண்ணையும், விரித்த கைகளையும் மாறி மாறிப் பார்க்க வேண்டுமென்றார், காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, "வயசுக் கோட்ட எவ்ளோ நகத்தட்டும் அண்ணி?" என்று கேட்டேன்.

"வாணாம்" என்றார். "போன வருசத்து அளவுலயே துணி குடு. இனிமே அவுரே அங்க அளவு எடுத்துக்குவாரு." நிமிர்ந்து புடவையை உதறிக்கொண்டவர், நான் மறுபடியும் சுட்டியைத் தேனுவின் தோள்பக்கம் கொண்டுபோவதைப் பார்த்துவிட்டார். "கையும் எறக்காத ராஜி. இவ்ளோ வருசமா நின்னா. இப்பதான் தூக்கறதுக்கு ஆளு போயிருக்குது."

வெள்ளிக்கிழமை படையலில் தேனுவின் தாவணிக்குப் பக்கத்தில் ஒரு வேட்டியும், கட்டம் போட்ட சட்டைத் துணியும் இருந்தன. கம்ப்யூட்டர் மேல் அண்ணி ஒரு பழைய புடவையைப் போர்த்தி வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரையோ உருவத்தையோ யாரும் கேட்க வேண்டாம்.

குணா அண்ணனிடமிருந்து என்னிடம் தங்கியது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். பெண்பிள்ளைக்குத் துணி கேட்டு வருகிறவர்களிடம் "கூட்டிக்கினு வாங்க" என்று இப்போதெல்லாம் நான் சொல்வதில்லை. அளவு சொல்லத் திணறினால் கல்லாவை விட்டு வெளியே வந்து, என் காதோரமாகக் கையை நீட்டி, "இவ்ளோ இருக்குமா?" என்று கேட்கிறேன். அது தேன்மொழியின் உயரம். அவர் கணக்குப் போட்டுக் கொடுத்தது. யோசிக்காமலே கை அங்கே போய் நிற்கிறது. கீழே ஒரு தலை இருப்பதுபோல உள்ளங்கை கொஞ்சம் குவிந்துகொள்கிறது.