குப்பைக்குப் போன வைக்கோல் பொம்மை

மூன்று வருடங்களுக்கு முன், பெப்ரவரி பிறந்த அன்று, பலெர்மோ நகரில் நான் வேலைசெய்யும் சிஞ்ஞோராவின் வீட்டில் நடந்தது இது.

சிஞ்ஞோரா என்றால் இங்கே மரியாதையாக ‘அம்மா’ என்பது மாதிரி; அவருக்கு நாற்பது வயதிருக்கும். தனி ஆள். கோயிலுக்குப் போகமாட்டார், வீட்டில் ஒரு சிலுவைகூட இல்லை. மன்னாரில் செபமாலையோடு வளர்ந்த எனக்கு முதலில் ஒருமாதிரித்தான் இருந்தது. ஆனால் தங்கமான மனுசி. நான் வேலைக்குச் சேர்ந்த அந்தக் குளிர்காலம் முழுக்கப் புற்றுநோயோடு படுக்கையில் கிடந்தார். நான்தான் சூப் வைத்துக் கொடுத்தேன், கொட்டிய தலைமயிரைக் கூட்டி அள்ளினேன்.

அன்று காலை, பின்னேரம் வீட்டில் ஒரு கொண்டாட்டம் என்று சொல்லிவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு தானே சந்தைக்குப் போனார். நான் குசினிக்குள் நுழைந்தேன். மேசையில் ஒரு கூடை. அதில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு வைக்கோல் பொம்மை. கழுத்தில் சிவப்பு நூல், அந்த நூலில் ஒரு கற்றைத் தலைமயிர்!

செய்வினை! யாரோ செய்துதான் இந்த மனுசிக்கு வருத்தமே வந்தது என்று ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். சிலுவை அடையாளம் போட்டு, பொம்மையைப் பிய்த்து, தெருக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, என் கைப்பையில் எப்போதும் இருக்கும் தீர்த்தத்தையும் கூடையில் தெளித்தேன். பிறகு பெரிய சாதனை செய்தவள் மாதிரித் தரையைத் துடைத்தேன்.

சிஞ்ஞோரா ரிக்கோத்தாப் பாற்கட்டியும் சியாகுல்லி மந்தரின் தோடம்பழங்களுமாகத் திரும்பி வந்தார்.

“என்ர பொம்மை எங்கை?”

உண்மையைச் சொன்னேன். அப்போதுதான் அவரும் சொன்னார். குளிர்காலம் முடிவதைக் கொண்டாட, கிறிஸ்தவ வேதம் வருவதற்கு முந்திய காலத்து ஆட்கள் செய்த பண்டிகையாம் அது. வருடா வருடம் வீட்டிலேயே செய்வாராம். வசந்தத்தைக் கூட்டிவருகிறவள்தான் அந்தப் பொம்மை. குளிரோடு நோயும் போகட்டும் என்று, கொட்டிய தன் முடியையே அதில் கட்டியிருக்கிறார். மருந்தால் விறைத்த விரல்களால் அதைக் கட்டி முடிக்க மூன்று நாள் எடுத்ததாம்.

ஏசவில்லை. கதிரையில் இருந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கீழே ஓடினேன். நினைத்த நேரம் வரும் குப்பை வண்டி, அன்றைக்கென்று நேரத்துக்கு வந்து போய்விட்டது. பிரான்காச்சோப் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்த கணவருக்குப் போன் எடுத்தேன்.

“மாதா படத்துக்குப் பின்னால இருக்கிற குருத்தோலையை எடுத்துக்கொண்டு கெதியா வாங்கோ.”

“உனக்கென்ன விசரே? அது கோயிலில மந்திரிச்ச ஓலையெல்லோ!”

“ஓம், அதுதான் வேணும்.”

புறுபுறுத்துக்கொண்டே பஸ் ஏறி வந்தார், பாவம். காய்ந்த ஓலையை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்தேன். குருத்து ஞாயிறுக்குச் சிலுவை பின்னும் விரல்களுக்குப் பொம்மை பின்னுவது கஷ்டமாக இல்லை. மனதுக்குத்தான் கஷ்டம். முடிக்கு என்ன செய்வது என்று நான் தயங்க, சிஞ்ஞோரா கண்ணாடி முன் போய், புதிதாக முளைத்திருந்த விரற்கடையளவு முடியில் கொஞ்சம் வெட்டி வந்தார்.

“இதைக் கட்டு. இதுதான் நல்லாயிருக்கு” என்றார். இருவருமாக அழுதுகொண்டே கட்டினோம். பொழுதுபட ஜன்னல் தோறும் மெழுகுதிரி ஏற்றினார். முதல் திரியை என்னைத்தான் ஏற்றச் சொன்னார்.

அடுத்த நாள் கோயிலில் மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாள். ஓலையைக் கொடுத்தது பாவமோ என்று கேட்கத்தான் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழந்தாளிட்டதும் வாயில் வந்தது வேறு: “சுவாமி, இன்னொராள் புனிதமா வைச்சிருந்ததைப் பிய்ச்சுப் போட்டன்.”

சிஞ்ஞோராவுக்கு இப்போது தோள் வரை முடி. ஒவ்வொரு வருடமும் பொம்மையைச் சேர்ந்தே கட்டுகிறோம். அந்தச் சிவப்பு நூலைப் பிடிக்கும்போதெல்லாம், அன்பு இருந்தால் கேட்கத் தேவையில்லை என்று நினைத்த அந்தக் காலை நினைவுக்கு வந்து, என் கை இன்னும் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.