பார்வை மங்கியதை அருள் என்று நினைத்த மூன்று வாரம்

முதலில் வந்தது முதுகுவலி. 2008-இல் சிதம்பரத்தில் ஆய்வு மாணவனாக இருந்தேன். நாளெல்லாம் நூலகத்தில் குனிந்து உட்கார்ந்திருப்பவனுக்கு முதுகு வலிக்காமல் வேறென்ன செய்யும் என்று நானே தீர்ப்பெழுதி நான்கு மாதம் ஓட்டினேன். மாலையானால் உடம்பு லேசாகக் காய்ந்தது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

என் ஆய்வு ஐரோப்பாவின் இடைக்காலக் கிறித்தவ மறைஞானிகளைப் பற்றியது, குறிப்பாகப் பெண்கள். தேவாலயச் சுவரை ஒட்டிய அறைக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு ஜன்னலோடு ஆயுளைக் கழித்தவர்கள் உண்டு. கடும் நோயில் கிடந்தபோது கடவுளைக் கண்டதாகச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் இன்றைக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் போதும், கிள்ளைக்குப் போகும் பஸ்ஸில் தொங்கியபடியே பிரசங்கம் செய்வேன். ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத நமக்கு அவர்களை விட்டால் வேறு ஆள் இல்லை என்பது என் கட்சி.

அக்காவின் கணவர் பண்ருட்டியில் முந்திரி வியாபாரி. பெற்றோர் இல்லாத எனக்கு அவர்கள் வீடுதான் வீடு. “நடராஜர் கோயில் பக்கத்துலயே பொறந்துட்டு, மச்சான் எப்பவோ செத்துப்போன வெள்ளக்காரச் சாமியாரம்மா பின்னாடி சுத்துறாரு. உயிரோட இருக்குற பொண்ணு ஒண்ணும் கெடைக்கலியா மச்சான்?” என்பார் மாமா.

அவர்தான் என்னைக் கடலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். ஸ்கேனில் தெரிந்தது முதுகெலும்புக் காசநோய் (நுரையீரலை விட்டு எலும்பை அரிக்கும் வகை, என்னிடமிருந்து பிறருக்குப் பரவாது என்றார்கள்). எலும்பு முழுக்க நொறுங்கினால் கால்கள் போய்விடும். மாதக்கணக்கில் படுக்கை, ஒன்றரை வருடம் மாத்திரை.

மருத்துவர் ஒரு மாத்திரையைத் தனியே காட்டினார். எத்தாம்பியூட்டால் (காசநோய்க் கிருமியின் பெருக்கத்தைத் தடுப்பது). “இது சிலருக்குக் கண்ணுல வேலையக் காட்டும். பார்வை, கலர், எதுல வித்தியாசம் தெரிஞ்சாலும் ஒடனே வரணும். ஒடனேன்னா அன்னிக்கே.”

தலையாட்டினேன்.

முந்திரி மூட்டைகளை அப்புறப்படுத்தி அக்கா பின்னறையை ஒழித்துக் கொடுத்தாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். வெட்கத்தோடு சொல்கிறேன், உள்ளூர மகிழ்ந்தேன். எனக்கும் ஓர் அறை கிடைத்துவிட்டது.

மாத்திரை தொடங்கிய நான்காம் மாதம் தாளின் வெண்மையில் புகை படிந்தது. சிவப்பு பழுப்பானது. வரியின் நடுவே எழுத்துகள் கரைந்தன. கடவுளை நெருங்க நெருங்க அறிவின் வெளிச்சம் அணைந்து இருள் சூழும் என்று அந்த ஞானிகளில் பலர் சொல்லியிருக்கிறார்கள். நோட்டில் எழுதினேன்: “தொடங்கிவிட்டது.”

மருத்துவர் சொன்னதை நான் மறந்திருக்கவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்துவார்கள், அதோடு இந்த அருளும் போய்விடும் என்று பயந்தேன். மூன்று வாரம் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் மாமா தட்டு நிறைய முந்திரிப்பழம் கொண்டுவந்தார். “என்னா மாமா, அழுகுனதாப் பாத்துப் பொறுக்கியாந்தீங்களா?” என்றேன்.

“அழுகலா? ரத்தமாட்டம் செவந்து கெடக்குது.” ஒன்றை என் முகத்துக்கு நேரே பிடித்தார். “இது என்னா கலரு?”

“பழுப்பு.”

“எத்தினி நாளா?”

சொன்னேன். அவர் திட்டவில்லை. வாசல் பக்கம் திரும்பி, “யேய், சீக்கிரம் வா. இவன் கண்ணு போவுதுடி” என்றார். அந்தக் குரலைக் கேட்டபோதுதான் முதன்முதலாக என் கண்ணுக்காகப் பயந்தேன்.

பார்வை நரம்பு அழற்சி (கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு கெடுவது). அந்த மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள், மற்றவை தொடர்ந்தன. “மொத நாளே வந்திருந்தா அனேகமாத் திரும்பியிருக்கும். இப்ப எதுவும் சொல்ல முடியாது. படிச்சவன்தானப்பா நீ?” என்றார் மருத்துவர்.

முதுகு தேறியது, நடக்கிறேன். நிறங்கள் பாதி திரும்பின. பார்வையின் நடுப்பகுதி திரும்பவில்லை. ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்கள், பிறகு ஒரு வருடம். இப்போது 2012. யாரும் கெடு சொல்வதில்லை.

ஆய்வை முடிக்க அக்கா புத்தகங்களை வாசித்துக் காட்டினாள், ஆங்கிலத்தில், எழுத்துக்கூட்டி. அந்த வேகத்தில் கேட்டபோதுதான் நான் தாவிப்போன இடங்கள் காதில் விழுந்தன. அந்தப் பெண்கள் கண்டதையெல்லாம் யாரிடமாவது சொன்னார்கள். சந்தேகப்பட்டுத் துருவியவர்களுக்குப் பதில் சொன்னார்கள். வலியை வலி என்றே சொன்னார்கள். அந்த ஜன்னல், வெளியே நிற்பவரோடு பேசுவதற்கு. நான் அதைக் காற்றுக்கு என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு அவர்கள் எதற்கு என்று கேட்டால், இப்போது இதைத்தான் சொல்வேன்.

இந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. தினமும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு ஒரே சிவப்புப் பொருளைப் பாருங்கள். மங்கினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். பயந்துபோய் எல்லா மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நேராக நோக்கும் எதுவும் எனக்குத் தெரிவதில்லை. ஒருவர் முகம் வேண்டுமென்றால் அவர் காதைப் பார்க்க வேண்டும். அவசரம் என் உடம்பிலிருந்து கழன்றுபோய்விட்டது. ஒரு வாக்கியத்துக்கு அதன் ஓரமாகவே சுற்றி வந்து சேர வேண்டியிருக்கிறது.

“எங்கடா பாக்குற?” என்பாள் அக்கா.

“ஒன்னத்தான்க்கா.”

எத்தனை தடவை விளக்கினாலும் அவளுக்கு மறந்துவிடுகிறது. நாற்காலியை நகர்த்தி, என் கண்ணுக்கு நேரே வந்து உட்காருகிறாள். உட்கார்ந்ததும் மறைந்துபோகிறாள்.