எட்டாம் நம்பர் தோட்டா

1. சல்யூட்

வனக்காப்பாளராகப் பழவேற்காட்டுக்கு வந்த முதல் மார்கழியில், ஏரிப் பறவைகளைச் சுட வந்த ஒருவரை நானே சல்யூட் அடித்து அனுப்பிவைத்தேன். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் வீரக்கதை கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

ஆரம்பாக்கம் பக்கம் காலை ஆறு மணிக்கு வண்டிச் சோதனை. என்னோடு இருந்த வாட்சர் ஏகாம்பரம் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு ஜீப் வந்தது. ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும். முறுக்கிய மீசை, பச்சைத் தொப்பி, பின் சீட்டில் இரட்டைக்குழல் துப்பாக்கி.

"ஃப்ரெண்டோட வேர்க்கடலைக் கொல்லையில பன்னித் தொல்லைம்மா. சுடறதுக்கு உங்க ஆபீஸ்லயே பர்மிஷன் குடுத்திருக்காங்க" என்று தாளை நீட்டினார். தாள் சரி. லைசென்ஸும் சரி. பாக்கி, தோட்டா.

எந்தத் தோட்டா எந்த மிருகத்துக்கு என்று பயிற்சியில் ஒருநாள் வகுப்பு நடந்தது. அன்று நான் அக்கா கல்யாணத்துக்கு லீவு. அவருடைய பெல்ட்டில் இருந்த தோட்டா எல்லாவற்றிலும் '8' என்று அச்சிட்டிருந்தது. செருப்பில் எட்டு என்றால் பெரிய கால். தோட்டாவில் எட்டு என்றால் பெரிய மிருகம். எனக்கு அவ்வளவுதான் தோன்றியது.

"பெரிய பன்னிங்களா சார்?"

"கன்னுக்குட்டி சைஸும்மா."

"பாத்துப் போங்க சார்" என்று சல்யூட் அடித்தேன். அவரும் அடித்தார்.

2. ஏகாம்பரத்தின் பல்

ஏகாம்பரம் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கோட்டைக்குப்பத்துக்காரர் அவர். பாதி வயதை ஏரியில் மீன் பிடித்தே கழித்தவர்.

"இன்னா நம்பர் மேடம் போட்டிருந்தது?"

"எட்டு."

கையிலிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டார்.

"தூண்டி முள்ளு வாங்கிக்கீறியா நீ? பதினாறாம் நம்பர்னா கிழங்கான் புடிக்கிற பொடி முள்ளு. ஏழாம் நம்பர்னா பெரிய கொடுவா மீனுக்கு. நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாவும். தோட்டாவும் அப்டித்தான்."

"முள்ளு மாதிரியே தோட்டாவும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாயைத் திறந்து காட்டினார். கீழ்வரிசையில் ஒரு பல் பாதி இல்லை.

"சின்ன வயசுல எங்க நைனா ஒரு உள்ளான் குருவி இட்டாந்தாரு. எவனோ சுட்டுட்டு வுட்டது. வறுத்துத் துன்னும்போது நறுக்குனுச்சு. எடுத்துப் பாத்தா கடுகாட்டம் ஈயம். அது கெடந்த எடத்துல பொறுக்கின காலித் தோட்டாவுல எட்டுனுதான் போட்டிருந்தது. பன்னிய சுடணும்னா எஸ்.ஜி.னு ஒண்ணு கீது மேடம், ஒவ்வொரு ரவையும் கொண்டக்கடல சைஸு. எட்டால பன்னிய சுட்டா அதுக்குச் சொரிஞ்சு வுட்ட மாதிரி இருக்கும், அவ்ளோதான்."

வேலைக்கு வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவர் ஏரியில் பறவையைச் சுட்டுவிட்டால், அனுப்பிவைத்தவள் நான். ஏகாம்பரத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கை விரட்டினேன்.

வேர்க்கடலைக் கொல்லையில் ஜீப் இல்லை. பறவைகள் சரணாலயமான ஏரியின் கரையில் நின்றது. கரையிலிருந்து நூறடி உள்ளே, தொடை வரை சேற்றில் புதைந்து, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மீசைக்காரர் நின்றார். தொப்பி மிதந்தது. கொஞ்சம் தள்ளி உள்ளான் கூட்டம் அவரைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தது.

"நல்ல வேளை வந்தீங்கம்மா!" என்று கத்தினார்.

"பன்னி எங்க சார்?"

"தொரத்திட்டு வந்தேன். தண்ணிக்குள்ள எறங்கிடுச்சு!"

பக்கத்தில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த கங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். "விடிஞ்சதுலேந்து இங்கதான் கீறோம். நீ ஒருத்தன்தான் எறங்கின" என்றாள். பிறகு அவளும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து அவரைப் பிடித்து இழுத்தார்கள். ஆள் வந்தார், பூட்ஸ் வரவில்லை. துப்பாக்கியையும் தோட்டாக்களையும் கைப்பற்றி மகஜர் எழுதினேன்.

3. கூண்டு

நான் முதலில் அவரை விட்டனுப்பியதையும் அறிக்கையில் எழுதினேன். ரேஞ்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை ஏம்மா எழுதின? வக்கீல் உன்ன உரிச்சிடுவான்" என்றார். அப்படித்தான் நடந்தது.

கோர்ட்டில் அவருடைய வக்கீல் என்னைக் கேட்டார்: "தோட்டாவைப் பாத்துட்டுத்தானே போகச் சொன்னீங்க?"

"ஆமாங்க."

"எட்டாம் நம்பர் பறவைக்குன்னு அப்ப தெரியாதா?"

"தெரியாதுங்க. பெரிய நம்பர், பெரிய மிருகம்னு நெனச்சேன்."

கோர்ட் சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் குனிந்து எதையோ தேடினார். எனக்குக் காது சுட்டது. வக்கீல் சிரிக்கவில்லை, அதற்காகத்தான் காத்திருந்தார்.

"யூனிஃபார்ம் போட்ட உங்களுக்கே தெரியல. அதே மாதிரி என் கட்சிக்காரருக்கும் தெரியல. பாவம், பன்னிக்குன்னு நெனச்சுத் தப்பான தோட்டாவை எடுத்துட்டுப் போயிட்டார். துரத்திக்கிட்டே தெரியாம ஏரிக்குள்ள எறங்கிட்டார். துப்பாக்கி பத்தி அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க ஐயா."

வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். ரேஞ்சர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

எதிர்க் கூண்டிலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. மீசைக்காரர் சிவந்துபோயிருந்தார்.

"யாருக்குய்யா தெரியாது?" என்று தன் வக்கீலையே பார்த்துக் கத்தினார். "முப்பது வருஷமா துப்பாக்கி தூக்குறவன் நான். எட்டாம் நம்பரை எடுத்துக்கிட்டு எந்த முட்டாளாவது பன்னி சுடப் போவானா? உள்ளானுக்கு எட்டு, வாத்துக்கு நாலு, பன்னிக்கு எஸ்.ஜி. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்!"

வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்து, "உள்ளானுக்கு எட்டு... கொஞ்சம் நிதானமா சொல்லுங்க" என்றார்.

துப்பாக்கி பறிமுதல் ஆனது. லைசென்ஸும் போயிற்று. எனக்கு ஒரு மெமோவும், விட்டுப்போன பயிற்சி வகுப்பில் போய் உட்காரும்படி ஓர் உத்தரவும் வந்தன.

வேலையில் எனக்குத் தெரியாதது இன்றைக்கும் நிறைய இருக்கிறது. கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவேன். அன்று கோர்ட்டில் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது சிரிப்பும் ஒரு மெமோவும்தான். அதைச் சொல்ல மனம் வராதவர் துப்பாக்கி இல்லாமல் வீட்டுக்குப் போனார்.