எல்லப்பன் கருங்காலி ஆன கதை

மாமல்லபுரம் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் எல்லப்பனுக்குக் 'கருங்காலி' என்ற பட்டத்தை வழங்கியவர் சங்கச் செயலாளர் சம்பத். அதற்காக எல்லப்பன் மனு எதுவும் போடவில்லை.

ஸ்டாண்டுக்கு நிழற்கூரை கேட்டு, ஒரு நாள் யாரும் வண்டி எடுப்பதில்லை என்று சங்கம் தீர்மானம் போட்டது. முதலில் கை தூக்கியவரே எல்லப்பன்தான். மறுநாள் விடிந்தபோது கடலோரம் முழுக்கப் பனி. எல்லப்பன் வழக்கம்போல எழுந்தார், வண்டியை எடுத்தார், வழியில் கை நீட்டிய மீன்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனார். சவுக்குத் தோப்புகள் கூடவே மிதந்து வந்தன. வண்டி நிற்கிறது, சாலைதான் அடியில் நழுவுகிறது என்று அவருக்குத் தோன்றியது. எதிரே ஒரு ஆட்டோகூட வராததை, உலகம் இன்று அமைதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். ஸ்டாண்டுக்குத் திரும்பியபோதுதான் கொடியும் கோஷமும் கண்ணில் பட்டன.

"இன்னா எல்லப்பா, ஸ்ட்ரைக்குனு தெரியாதா?" என்றார் சம்பத்.

"தெரியும் அண்ணாத்த. மறந்துட்டேன்."

அன்றே அவரை வரிசையிலிருந்து நீக்கினார்கள். வரிசையில் இல்லாத வண்டிக்கு ஸ்டாண்டில் சவாரி கிடையாது.

"கருங்காலினா இன்னா அர்த்தம்?" என்று வீட்டில் மனைவி லோகநாயகியிடம் கேட்டார்.

இறால் உரித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "அது ஒரு மரம்யா. கெட்டி மரம். கோடாலிக்கு அதுலதான் காம்பு போடுவாங்களாம். காம்பு இல்லாத கோடாலி இன்னாத்த வெட்டும்? கூடப் பொறந்த மரத்தயே சாய்க்க ஒத்தாசை பண்ணிச்சு இல்ல, அதான் அந்தப் பேரு."

வேலைநிறுத்தத்தை உடைப்பவனை ஆங்கிலத்தில் 'பிளாக்லெக்', அதாவது 'கறுப்புக் கால்' என்பார்கள், அதைத்தான் நம்மவர்கள் இப்படித் தமிழாக்கினார்கள் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. இரண்டு கட்சிக்கும் நடுவில் எல்லப்பன் தம் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

பிற்பகல் வண்டியின் பின்சீட்டில் படுத்தவர் கனவில் மரமானார். உடம்பெல்லாம் இலை. யாரோ வந்தார்கள், வெட்டினார்கள், இழைத்தார்கள், இரும்பில் செருகினார்கள். வெயில் இதமாக இருந்ததால் அவர் எதையும் கவனிக்கவில்லை. கண் திறந்தால் காடு படுத்திருந்தது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாலையில் சங்கம் கூடியது.

"துட்டுக்கு ஆசப்பட்டு ஓட்னேன்னு ஒத்துக்கோ," என்றார் சம்பத். "எல்லார்க்கும் டீ வாங்கிக் குட்த்துட்டு வரிசைக்கு வா. துரோகத்துக்குச் சங்கத்துல விதி கீது. மறதிக்கு இல்ல."

"ஆசப்படலியே அண்ணாத்த. நெஜமா மறந்துட்டேன்."

"மறந்துட்டேன்னு சொன்னா நாளைக்கு எல்லாரும் மறப்பானுங்க."

பக்கத்து வண்டிக்காரன் ஜான்சன் காதைக் கடித்தான்: "அண்ணே, ஒரு வாட்டி துரோகியா இருந்துட்டுப் போயேன். இன்னா கொறஞ்சிடும் உனக்கு? வூட்ல அண்ணி பாவம்."

எல்லப்பன் வெகுநேரம் யோசித்தார். சங்கத்தில் சேர்ந்த நாள் முதல் அவர் சகாக்களிடம் பொய் சொன்னதில்லை. திரும்பிச் சேர வேண்டுமானால் இப்போது சொல்லியாக வேண்டும்.

"ஆசதான். தெரிஞ்சேதான் ஓட்னேன்."

கை தட்டினார்கள். சம்பத் கட்டிப் பிடித்துக்கொண்டார். கடைசி வண்டிக்குப் பின்னால் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. டீ வந்தது. எல்லோரும் அவரோடு சிரித்துப் பேசினார்கள். எல்லப்பன் மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல், கடல் இருக்கும் பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தார்.